புகையும் பிறர் இசைவும்



ஒருவர் புகைபிடிக்க விரும்புகிறார். அவர் அருகே மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். இவ்விருவருள் யார் முதலில் வாய் திறக்க வேண்டும்? புகைப்பவர் முன்வந்து இசைவு கேட்க வேண்டுமா? அருகில் இருப்பவர் மறுப்புச் சொல்ல வேண்டுமா? அல்லது, இருவரையும் கேளாமல் சட்டமே ‘கூடாது’ என்று சொல்லிவிட வேண்டுமா? கேள்வி சிறியதுபோலத் தோன்றும். ஆயினும், 1890 முதல் இன்றுவரை நம் நாட்டுச் சட்டம் இதற்கு மூன்று வேறு விடைகளைக் கூறியிருக்கிறது. அம்மூன்று விடைகளின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முடிவில், ஓட்டல் அறையின் பால்கனி என்னும் மிகச் சிறிய இடத்தில் வந்து நிற்போம். சட்டம் முடிந்து மரியாதை தொடங்கும் இடம் அது.

இந்த வரலாற்றைத் தொடங்குவதற்கு வடசென்னையின் பேசின் பிரிட்ஜைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை என்று எண்ணுகிறேன். பேசின் என்பது கால்வாய்ப் படகுகள் வந்து தங்குவதற்கென அமைத்த நீர்த்துறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவர் எண்ணூரை நோக்கி வெட்டிய கால்வாயே பின்னர் நீட்டப்பெற்றுப் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. இன்று சென்ட்ரலிலிருந்து மேற்கே அரக்கோணத்துக்கும் வடக்கே கூடூருக்கும் செல்லும் பாதைகள் பேசின் பிரிட்ஜில்தான் பிரிகின்றன. தொலைதூர வண்டிகளின் பெட்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கும் பணிமனையும் அங்கேயே இருக்கிறது. ஆகவே, ரயில் பெட்டிக்குள் மனிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி இப்பகுதி மக்களுக்குப் பழக்கமான ஒன்று.

அதே வட்டாரத்தில் வேறு வகையான விதி ஒன்றும் பழக்கமானது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று வடக்கே செல்லச் செல்ல எண்ணெய்த் தொட்டிகளும் தொழிற்சாலைகளும் தொடர்ந்து வரும். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியபோது, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எண்ணெய்க்கு அருகே தீ வந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னை மக்கள் கண்ணாரக் கண்டார்கள். 1934இன் பெட்ரோலியச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், பெட்ரோலியம் சேமிக்கும் இடங்களில் புகைபிடித்தலை அடியோடு விலக்கின. தீப்பற்றும் தூசியோ வாயுவோ நிறைந்த இடங்களில், தீ மூட்டக்கூடிய எதனையும் நெருங்கவிடக் கூடாது என்று 1948இன் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. திருவொற்றியூரில் தீப்பெட்டி செய்த விம்கோ தொழிற்சாலையின் பெயரால் இன்றும் ஒரு ரயில் நிலையமும் ஒரு மெட்ரோ நிலையமும் வழங்குகின்றன. தீக்குச்சி பிறந்த அந்த வட்டாரமே, தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாத இடங்கள் மிகுந்த வட்டாரமாகவும் விளங்கியது.

இவ்விரண்டு விதிகளுக்கும் உள்ள வேற்றுமையை உற்றுநோக்குங்கள். எண்ணெய்க் கிடங்கில் எவரிடமும் இசைவு கேட்பதில்லை. உடன் நிற்பவர் நூறு பேரும் ‘புகைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருமித்துச் சொன்னாலும் அங்கே புகைக்க முடியாது. தீக்கு மனிதருடைய இசைவு ஒரு பொருட்டன்று. ரயில் பெட்டியிலோ, நெடுங்காலம் புகை என்பது மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. தொல்லையை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க மறுக்கவும் செய்யலாம். ஆகவே அங்கே இசைவுக்கு இடம் இருந்தது. முன்னது ஆபத்தைத் தடுக்கும் விதி. பின்னது மரியாதையைக் காக்கும் விதி. புகைபிடித்தலைப் பற்றிய சட்டங்களின் வரலாறு, ஒரு பொருள் பின்னதிலிருந்து முன்னதற்கு மெல்ல மெல்ல இடம் மாறிய வரலாறேயாகும்.

புகையிலை நம் மண்ணுக்கு உரிய செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. வந்த செடிக்குத் தமிழர் புகையிலை என்று பெயரிட்டனர். அதன் இலையைச் சுருட்டிப் புகைத்ததால் ‘சுருட்டு’ என்றனர். அந்தத் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துச் சென்று ‘செரூட்’ என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர்.

புகை வந்த சில ஆண்டுகளிலேயே அதற்கு எதிர்ப்பும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறுநூலே எழுதினார். கணவன் விடும் புகையால் மனைவி படும் துன்பத்தையும் அவர் அதில் எடுத்துக் காட்டினார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் புகைபிடித்தலைத் தடைசெய்து ஆணையிட்டார். எனினும், அரசர்களின் கோபம் புகையை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாதபோது சமூகம் அதனைச் சுற்றிச் சில நடைமுறைகளை வகுத்துக்கொண்டது. 1779இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவர் மனைவியும் அனுப்பிய விருந்து அழைப்பில், ஹூக்கா ஏந்தும் பணியாளைத் தவிர வேறு பணியாட்களை உடன் அழைத்துவர வேண்டா என்று விருந்தினரைக் கேட்டுக்கொண்டனர். விருந்தில் மற்றப் பணியாளர்க்கு இடமில்லை. ஹூக்காவுக்கு மட்டும் இடம் உண்டு! புகைப்பவரின் வசதியே மரியாதை எனப்பட்ட காலம் அது.

அந்நிலை ரயிலால் மாறியது. நம் மக்கள் ரயிலுக்கு இட்ட பெயர் புகைவண்டி. கரும்புகை கக்கிய நீராவி இயந்திரத்தைக் கண்டு இட்ட பெயர் அது. ஆயினும், வெளியே சென்ற புகையைவிட உள்ளே எழுந்த புகையே பெரிய வழக்காயிற்று. வீட்டில் புகைபிடிப்பவரைக் கண்டால் எழுந்து அடுத்த அறைக்குச் செல்லலாம். ஓடும் வண்டியில் எங்கே செல்வது? முன்பின் அறியாதவர்கள் பல மணிநேரம் ஒரே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு அமர நேர்ந்தது மனித வரலாற்றில் ஒரு புதுமை. வீட்டு வழக்கமும் ஊர் வழக்கமும் இதற்கு வழிகாட்டவில்லை. ஆகவே சட்டம் குறுக்கிட்டது.

இங்கிலாந்தில் 1868இல் இயற்றிய ரயில்வே ஒழுங்குச் சட்டம், புகைப்பவர்க்கெனத் தனிப்பெட்டிகளை ஒதுக்குமாறு ரயில் கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வேச் சட்டம் இன்னும் நுட்பமான ஒரு வழியை வகுத்தது. அதன் 110ஆம் பிரிவின்படி, புகைப்பதற்கென ஒதுக்கிய பெட்டி நீங்கலாகப் பிற பெட்டிகளில், உடன் பயணம் செய்வோரின் இசைவு இல்லாமல் ஒருவர் புகைபிடித்தால் அவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 20 ரூபாய் என்பது அக்காலத்தில் எளிய தொகையன்று. ரயில் ஊழியர் எச்சரித்த பின்னரும் நிறுத்தாதவரைப் பெட்டியிலிருந்து இறக்கிவிடவும் சட்டம் அதிகாரம் தந்தது.

இதுவே முதல் விடை. கேட்கவேண்டிய கடமை புகைப்பவருடையது. மற்றவர் பேசாமல் இருந்தால் அது இசைவாகாது. அவர் வாய் திறந்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அயலாரின் ஆட்சியில் எழுந்த சட்டமேயாயினும், இதில் ஓர் உயர்ந்த கருத்து அடங்கியிருப்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏன் இது உயர்ந்தது? மூன்றாம் வகுப்புப் பெட்டியின் நெரிசலை எண்ணிப் பாருங்கள். ஒரு மூலையில் கைக்குழந்தையோடு ஒரு தாய். எதிரே ஓர் அதிகாரி. அல்லது, ஊரில் செல்வாக்குள்ள ஒரு பெரியவர். அவர் சுருட்டைப் பற்றவைக்கிறார். அந்தத் தாய் ‘ஐயா, வேண்டா’ என்று சொல்வாளா? சொல்வது அவளுக்கு எளிதா? வயதாலும் செல்வத்தாலும் பதவியாலும் சாதியாலும் ஆண் பெண் என்னும் வேறுபாட்டாலும் மக்கள் ஏற்றத்தாழ்வாக நிற்கும் ஒரு சமூகத்தில், எளியோர் பேசாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அவர்களுடைய மௌனத்தை விருப்பமாகக் கொள்ளக் கூடாது என்பதே 1890இன் விதிக்குள் இருந்த நீதி. அந்த நீதி நடைமுறையில் எத்தனை பெட்டிகளில் நிலைபெற்றிருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

சுதந்திர இந்தியா 1989இல் புதிய ரயில்வேச் சட்டத்தை இயற்றியது. அதன் 167ஆம் பிரிவும் புகைபிடித்தலைப் பற்றியதே. ஆனால் சொல் மாறிவிட்டது. அதே பெட்டியிலுள்ள மற்றொரு பயணி மறுப்புத் தெரிவித்தால் புகைபிடிக்கக் கூடாது என்கிறது இப்பிரிவு. மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். விரும்பினால் ஒரு வண்டி முழுவதிலுமோ ஒரு பகுதியிலோ புகைபிடித்தலைத் தடைசெய்யும் அதிகாரமும் ரயில்வே நிருவாகத்துக்கு உண்டு.

அபராதம் ஐந்து மடங்காயிற்று. பாதுகாப்பு வளர்ந்தது என்று மேலோட்டமாகப் படிப்பவர் எண்ணுவர். ஆனால் இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு வேறொன்று புலப்பட்டது. முன்பு புகைப்பவர் கேட்க வேண்டும். இப்போது புகைக்காதவர் மறுக்க வேண்டும். முன்பு மௌனத்துக்குப் பொருள் ‘கூடாது’ என்பது. இப்போது மௌனத்துக்குப் பொருள் ‘ஆகட்டும்’ என்பது. கடமை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறிவிட்டது. அந்தத் தாயே இப்போது பேச வேண்டும். இது இரண்டாம் விடை. சட்டத்தில் ஒரு சொல்லின் இடமாற்றம் எத்தனை மனிதரின் நிலையை மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இதற்கிடையில் மருத்துவ அறிவு வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் அறிஞர் இருவர் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை அதனை உறுதிசெய்தது. இவை புகைப்பவருக்கு நேரும் கேட்டைப் பற்றியவை. அருகில் இருப்பவருக்கு என்ன நேர்கிறது? ஜப்பானில் ஹிராயாமா என்னும் ஆய்வாளர், தாம் புகைக்காத மணமான பெண்கள் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981இல் தம் முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைபிடிக்கும் கணவரின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதை அவர் கண்டார். 1604இல் ஓர் அரசர் மனைவியரின் துன்பம் என்று எழுதியது வெறும் நாற்றத்தைப் பற்றியது. 1981இல் அது உயிரைப் பற்றிய செய்தியாயிற்று.

இந்த அறிவு வந்த பின் பழைய இரு விடைகளும் தளர்ந்தன. நாற்றத்துக்கு இசைவு கேட்கலாம். நோய்க்கு இசைவு கேட்கலாமா? மேலும், பெட்டியிலுள்ள கைக்குழந்தை எவ்வாறு இசைவு தரும்? எவ்வாறு மறுக்கும்? 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொதுவிடத்தில் புகைபிடித்தலைத் தடுக்குமாறு தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், அலுவலகம், ரயில் உள்ளிட்ட பொது ஊர்தி ஆகியவற்றில் புகைபிடித்தலை நாடெங்கும் விலக்கியது. 2003இல் நாடாளுமன்றம் சிகரெட்டு முதலிய புகையிலைப் பொருள்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் வகுத்த திருந்திய விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், நடைமுறைக்கு வந்தன. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம். இது மூன்றாம் விடை: எவரும் கேட்க வேண்டா, எவரும் மறுக்கவும் வேண்டா, பொதுவிடத்தில் புகை கூடாது. எண்ணெய்க் கிடங்கின் விதி ரயில் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது எனலாம்.

ஆனால் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்தது. 30 அறைகளுக்குக் குறையாத ஓட்டல், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவை புகைப்பதற்கெனத் தனியிடம் அமைத்துக்கொள்ளலாம். இங்கே ஓட்டல் என்பது உண்ணும் இடத்தையன்று, தங்கும் விடுதியைக் குறிக்கும். ஓட்டலில் புகைப்பவர்க்குரிய அறைகள் சிதறிக் கிடக்கக் கூடாது. ஒரு தளத்திலோ ஒரு பகுதியிலோ சேர்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஓர் இந்திய மொழியிலும் அவற்றின்மேல் அறிவிப்பு வேண்டும். அவ்வறைகளின் புகை வெளியே செல்ல வேண்டும். முகப்புக் கூடத்துக்கோ தாழ்வாரத்துக்கோ புகாமல் இருக்க வேண்டும். 30 அறைகளுக்குக் குறைந்த சிறு விடுதிகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஓட்டலுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவு நம் நகரத்தில் சற்று நெருக்கமானதே. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர் ஐ.டி.சி. ஆன நிறுவனம், சிகரெட்டுக்கு வேண்டிய அட்டைப்பெட்டிகளை அச்சிடும் தொழிலைத் திருவொற்றியூரில் நடத்தி வந்தது. அந்நிறுவனமே 1975இல் சென்னையில் சோழா என்னும் ஓட்டலைக் கொண்டு ஓட்டல் தொழிலிலும் இறங்கியது.

இப்போது பால்கனிக்கு வருவோம். புகை வெளியே செல்ல வேண்டும் என்கிறது விதி. வெளியே என்றால் எங்கே? நகரத்து ஓட்டல்களில் பால்கனிகள் ஒன்றையொன்று ஒட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அமைந்திருக்கின்றன. என் அறைக்கு வெளியே என்பது அடுத்தவர் அறைக்கு வாயில். கீழ்த்தளத்தில் எழும் புகை மேல்தளத்துச் சன்னலைத் தேடிச் செல்லும். ‘நான் வாடகை கொடுத்த அறை, வானம் பொதுவானது, எனக்குத் தடை என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் காற்றுக்கு வாடகைச் சீட்டுத் தெரியாது. பால்கனியில் நிற்பவர், 1890இன் பயணியைப் போல, முன்பின் அறியாத ஒருவரோடு ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறார். ஒரே வேறுபாடு, அந்தப் பயணி தம் எதிரே இருந்தவரைக் கண்ணால் கண்டார்; பால்கனியில் நிற்பவர் சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பதைக் காண்பதில்லை.

காணாத ஒருவரிடம் இசைவு பெறுவது எங்ஙனம்? முடியாது. ஆகவே, அவர் இசையவில்லை என்றே கொள்ளுதல் மரியாதை. முதலில், பால்கனியில் புகைக்கலாமா என்று ஓட்டலின் வரவேற்பு மேசையில் கேட்டறிய வேண்டும். கூடாதென்றால், அதற்கென ஒதுக்கிய இடத்துக்குச் செல்ல வேண்டும். கூடும் என்றாலும், பக்கத்துப் பால்கனியில் ஆள் இருந்தால், துணி உலர்ந்தால், குழந்தையின் குரல் கேட்டால், ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சாம்பலையும் எரியும் துண்டையும் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எறிதல் ஒருநாளும் ஆகாது. அது கீழே நிற்பவர் தலையிலோ உலரும் துணியிலோ விழும். அறையைத் துடைக்க வரும் பணியாளரையும் நினைக்க வேண்டும். தம் வேலையை எண்ணி அவர் எதுவும் சொல்லமாட்டார். அவருடைய மௌனமும் இசைவன்று.

வடசென்னை மாணவர் ஒருவர் இங்கே எழுந்து ஒரு கேள்வி கேட்கக்கூடும்: ‘ஐயா, எங்கள் வீட்டு மாடியில் உலரும் துணியில் ஆலைக் கரி படிகிறது. எண்ணூர்ச் சாம்பலையும் மணலிப் புகையையும் நாங்கள் மூச்சோடு இழுக்கிறோம். அவை எங்களிடம் இசைவு கேட்டனவா? ஒரு சிகரெட்டுப் புகையைப் பற்றி இத்தனை நேரம் பேச வேண்டுமா?’ நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே அளவின என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே. பிறர் மூச்சுவிடும் காற்றில் ஒன்றைக் கலப்பவர், அவர்களுடைய இசைவைக் கேட்கும் கடமை உடையவரா, இல்லையா? பெட்டியிலும் பால்கனியிலும் ‘ஆம்’ என்று விடை சொல்லப் பழகிய தலைமுறையே, ஆலைக் கூண்டின் முன் நின்றும் அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்கும். சிறிய புகையில் பிறரை மதியாதவன் பெரிய புகையில் தன்னை மதிக்குமாறு எந்த வாயால் கேட்பான்?

ஆகவே, மாணவர்களே, சட்டங்களைப் படிக்கும்போது அபராதத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் செல்லாதீர்கள். அதில் பேசவேண்டியவர் யார், பேசாமல் இருக்கும் உரிமை யாருக்கு என்று பாருங்கள். வலியவர் கேட்கவேண்டும் என்று சொல்லும் சட்டம் ஒரு வகை. எளியவர் மறுக்கவேண்டும் என்று சொல்லும் சட்டம் வேறு வகை. எழுத்தில் இரண்டும் ஒரு வரிதான். வாழ்க்கையில் அவற்றின் தொலைவு பெரிது. சட்டம் எட்டாத இடங்களில் இவ்விரண்டுள் எதனைக் கைக்கொள்வது என்பதை நாம்தாம் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. முதலாவதைக் கைக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.